நாளும் பொழுதும் எழுதி வைத்தவர்கள்



நாட்குறிப்பு எழுதும் பயிற்சி நம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதியதன்று. மாணவர் ஏட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். “காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பசியாறினேன். பள்ளிக்குச் சென்றேன். இரவு உறங்கினேன்.” திங்கட்கிழமையும் அதுவே, வெள்ளிக்கிழமையும் அதுவே! ஆசிரியரும் சிவப்பு மையால் சரியெனக் குறியிட்டுக் கொடுத்துவிடுகிறார். இதற்கா ஒரு பயிற்சி என்று பெற்றோர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆனால், இந்தச் சிறு பயிற்சிக்குப் பின்னால் பெரியதொரு வரலாறு இருக்கிறது. தமிழன் ஒருவன் இருபத்தைந்து ஆண்டுகள் இடைவிடாது முயன்று எழுதிய வரலாறு அது. எழுதாமல் போனதால் நம்மவர் இழந்தவற்றின் வரலாறும் அதனுள் அடங்கும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஓர் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் நாம் கொடுக்கும் அந்த ஏட்டின் மதிப்பு விளங்கும்.

சொல்லும் பொருளும்

‘டைரி’ என்னும் ஆங்கிலச் சொல், நாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் இதனை நாட்குறிப்பு என்கிறோம். தினக்குறிப்பு, தினசரிக் குறிப்பு என்னும் வழக்குகளும் உள்ளன. பழைய வழக்கொன்றும் உண்டு. ‘தினப்படிச் சேதிக் குறிப்பு’ என்பது அது. படி என்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரிய அளவு. அன்றன்றைய படியை அன்றன்றே அளந்து வைப்பது போல, அன்றன்றைய சேதியை அன்றன்றே எழுதிவைப்பது என்று கொள்ளலாம். எத்துணைப் பொருத்தமான பெயர்!

இப்பெயரோடு ‘சொஸ்தலிகிதம்’ என்னும் வடசொல்லும் சேர்ந்து வருவதுண்டு. ஸ்வ என்றால் தன்னுடைய, ஹஸ்தம் என்றால் கை, லிகிதம் என்றால் எழுத்து. தன் கைப்பட எழுதியது என்பது பொருள். இப்பெயர்களைத் தாங்கிய ஏடு யாருடையது என்பதை ஆசிரியர் பலர் அறிந்திருப்பீர்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே அது.

புதுச்சேரித் துபாசி

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தையார் பெயர் திருவேங்கடம் பிள்ளை. வணிகத்தின்பொருட்டுக் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது. அங்கே வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே பேச்சையும் வாணிகத்தையும் நடத்திக் கொடுப்பவர் ‘துபாசி’ எனப்பட்டார். இரு மொழி அறிந்தவர் என்பது இச்சொல்லின் பொருள்.

அந்தப் பதவி பெருமையும் பேராபத்தும் ஒருங்கே உடையது. ஆனந்தரங்கரின் உறவினரான நைனியப்பப் பிள்ளை தலைமைத் துபாசியாய் இருந்தவர். 1716இல் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே உயிர்நீத்தார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் ஆனந்தரங்கர். பின்னாளில் ஆளுநர் துய்ப்ளேக்சின் நம்பிக்கைக்குரியவராகி, 1747இல் அவரே தலைமைத் துபாசியானார். துணி வாணிகம் செய்தார். ‘ஆனந்தப் புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளராகவும் இருந்தார். அவர் வாழ்ந்த மாளிகை புதுச்சேரியில் இன்றும் நிற்கிறது.

அவருடைய நாட்குறிப்பு 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்குகிறது. தமிழ்க் கணக்கில் அது நள ஆண்டு. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பெரும்பதவி இன்னும் கைக்கு வரவில்லை. கண்டதும் கேட்டதும், கப்பல்களின் வரவும் போக்கும், புதுமையாய் நடப்பவையும் ஆகியவற்றைக் குறித்துவைப்பதே தம் நோக்கம் எனத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறார். நூல் எழுதப்போவதாகவோ உலகுக்கு அறிவுரை கூறப்போவதாகவோ அவர் சொல்லிக்கொள்ளவில்லை. 1761ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் இறக்கும் நாள் நெருங்கும்வரை அந்த வழக்கம் தொடர்ந்தது.

என்னென்ன எழுதினார்?

வரலாற்றாசிரியர்கள் இந்நாட்குறிப்பைப் போற்றுவதற்குரிய காரணங்கள் பல. 1740இல் மராட்டியர் படையெடுத்து வந்தபோது ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தது, 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியது, 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அம்முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது ஆகிய எல்லாவற்றையும் அருகிலிருந்து பார்த்த தமிழர் ஒருவரின் குரலில் நாம் கேட்கிறோம். கோயில் இடிப்பைப் பற்றி எழுதும்போது அவருடைய மனவேதனை எழுத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆளுநரின் வலக்கை போன்ற பதவியில் இருப்பவர். எனினும் அதைத் தடுக்க முடியவில்லை. அந்தக் கையறு நிலையை அரசாங்கக் கடிதங்களில் தேடினால் கிடைக்காது.

ஆனால், ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. போரும் அரசியலும் நடந்த அதே நாள்களில் அவர் குடும்பத்து நல்லது கெட்டதுகளையும் எழுதினார். வீட்டுத் திருமணம், பிள்ளைப்பேறு, உறவினர் இறப்பு, தம் உடல்நலக் குறைவு, சோதிடர் சொன்ன பலன், யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுக்கப்பட்டது, எந்தக் கப்பலுக்கு எத்தனை குண்டு மரியாதை செய்யப்பட்டது என ஒன்றையும் அவர் அற்பமென்று தள்ளவில்லை. அப்போதைய தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1745இல் ஒழுகரையில் தேவாலயம் ஒன்றைக் கட்டுவித்து விருந்தளித்தார். எந்தச் சாதியாருக்கு எங்கே சமைக்கப்பட்டது, யார் யார் எங்கே உண்டனர் என்பதெல்லாம் அக்குறிப்பில் உண்டு. ஒரு விருந்தின் விவரம் அன்று சாதாரணச் செய்தி. இன்றோ, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமுதாயம் எப்படிப் பிரிந்து நின்றது என்பதைக் காட்டும் சான்றாக அது விளங்குகிறது. எழுதியவருக்கே தாம் எதைப் பாதுகாத்து வைக்கிறோம் என்பது தெரிந்திராது!

1743ஆம் ஆண்டுக் குறிப்பொன்று நம் போன்ற புலம்பெயர்ந்தோர் வழிவந்தவர்களைச் சற்றே நிறுத்திச் சிந்திக்க வைப்பது. ஏழை மக்களை ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்து, அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை அதில் பதிவாகியிருக்கிறது. அப்படிக் கப்பலேறியவர்களில் எவரும் தம் கதையைத் தாமே எழுதி வைத்ததாக நாம் அறியோம். கரையில் நின்ற ஒருவர் எழுதியதால்தான் அந்தக் கொடுமை நமக்குத் தெரிகிறது. ஆனந்தரங்கர் செல்வர், செல்வர் கண்ணோட்டம்தான் அவருக்கு. அவருடைய பல்லக்கைச் சுமந்தவர் தம் நாளை எப்படிக் கழித்தார் என்பதை அந்த ஏடு நமக்குச் சொல்வதில்லை. இக்குறையையும் மாணவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டும். எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவர் நின்ற இடத்திலிருந்தே வரலாறு தெரியும்.

பேச்சு நடையே பெருஞ்செல்வம்

தமிழிலக்கியம் பெரும்பாலும் செய்யுளாகவே இருந்த காலம் அது. உரைநடை என்றால் உரையாசிரியர் நடையும் பாதிரிமார் எழுதிய நூல்களும்தாம் பெரிதும் நினைவுக்கு வரும். அக்காலத்தில் ஆனந்தரங்கர் தாம் பேசியபடியே எழுதினார். கும்பினி, துபாசி, துரை என்று அன்றைய கடைவீதியில் வழங்கிய சொற்களெல்லாம் தயக்கமின்றி வந்து விழுகின்றன. பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிச்சொற்கள் தமிழன் நாவில் எப்படி உருமாறின என்பதை அறிய விரும்புவோர்க்கு அந்த ஏடு ஒரு சுரங்கம்.

இலக்கணம் கற்பிக்கும் நாம் பிழையைப் பொறுப்பதில்லை. அது நம் கடமை. என்றாலும் நாட்குறிப்பு என்று வரும்போது சற்றே இறங்கிவரத்தான் வேண்டும். ஆனந்தரங்கர் செந்தமிழில் மட்டுமே எழுதுவேன் என்று காத்திருந்திருந்தால், அன்றைய புதுச்சேரியின் பேச்சு நமக்குக் கிடைத்திருக்காது. “பாட்டி சொன்னாங்க” என்று பிள்ளை எழுதினால், அந்த ஓர் ஏட்டிலாவது பாட்டியின் சொல்லை அப்படியே விட்டுவைப்போமே!

ஏடு தப்பிப் பிழைத்த கதை

ஆனந்தரங்கரின் இறுதிக் காலம் இன்பமாய் அமையவில்லை. துய்ப்ளேக்சு 1754இல் திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கர் பதவியை இழந்தார். நோயும் வாட்டியது. 1761 சனவரியில், ஆங்கிலேயர் முற்றுகையில் நகரம் பட்டினி கிடந்தபோது அவர் கண்மூடினார். அடுத்த சில நாள்களில் புதுச்சேரி வீழ்ந்தது; நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு அந்த ஏடுகள் தப்பியது வியப்பே.

அவர் மறைந்த பின்னும் அவ்வழக்கம் அடியோடு நின்றுவிடவில்லை. அவர் குடும்பத்தார் சிலர் தொடர்ந்து குறிப்பெழுதினர். புதுச்சேரியிலேயே இரண்டாம் வீரா நாயக்கர் என்பவர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதியுள்ளார். பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலி புதுச்சேரித் தெருக்களில் எப்படிக் கேட்டது என்பதை அதில் காணலாம். ஒருவர் எழுதினால் மற்றவருக்கும் எழுதத் தோன்றும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனந்தரங்கரின் ஏடுகள் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுத்தார். ஆரியேல் என்பவர் எடுத்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியதோ 1948இல்! ஆங்கிலம் அறிந்தவர் படித்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தே, தமிழர் எழுதிய தமிழ் நாட்குறிப்பு தமிழ் நூலாய்த் தமிழரின் கைக்கு வந்தது. இடையில் சில பகுதிகள் காணாமலும் போயின. எழுத்தாளர் பிரபஞ்சன் இந்நாட்குறிப்பை அடிப்படையாகக்கொண்டு எழுதிய ‘வானம் வசப்படும்’ என்னும் புதினத்திற்கு 1995இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நம் வீட்டுப் பெட்டியில் கிடந்த பொருளின் அருமையை மற்றவர் வந்து சொல்லித்தான் நாம் அறிந்தோம். இந்த வழக்கத்தை இனியேனும் மாற்றிக்கொள்ள வேண்டாமா?

வேறு நாட்டு இரு சான்றுகள்

ஆனந்தரங்கருக்கு முந்தைய நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்சு, 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார். கடற்படை அலுவலகத்தில் பணியாற்றியவர். 1666 செப்டம்பரில் இலண்டன் மாநகரம் பற்றியெரிந்தபோது, தம் தோட்டத்தில் குழி தோண்டித் திராட்சை மதுவையும் பாலாடைக்கட்டியையும் புதைத்துவைத்ததை அவர் எழுதியிருக்கிறார். அந்தத் தீயில் எத்தனையோ வீடுகள் அழிந்தன. எண்ணிக்கையைப் படிப்பவர் மறந்துவிடுவார். புதைத்த பாலாடைக்கட்டியை ஒருவரும் மறப்பதில்லை. மனிதன் அஞ்சும்போது எதைக் காப்பாற்ற ஓடுகிறான் என்பதை அது காட்டிவிடுகிறது.

இன்னொருவர் நம் மாணவர் வயதை ஒத்த சிறுமி. ஆன் பிராங்குக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாளான 1942 சூன் 12ஆம் நாள் ஓர் ஏடு பரிசாகக் கிடைத்தது. அடுத்த மாதமே, நாஜிகளுக்கு அஞ்சி, ஆம்சுடர்டாமில் குடும்பத்தோடு மறைவிடம் புகுந்தார். 1944 மார்ச்சு 28ஆம் நாள், இலண்டனிலிருந்து ஒலித்த டச்சு வானொலியில் அமைச்சர் ஒருவர் பேசினார். போர்க்காலத்தில் எளிய மக்கள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட ஆன், தம் ஏட்டை மீண்டும் செப்பனிட்டு எழுதத் தொடங்கினார். கடைசிக் குறிப்பு 1944 ஆகசுடு 1ஆம் நாள். மூன்று நாள் கழித்து அவர் பிடிபட்டார். 1945இல் வதைமுகாமில் மாண்டபோது வயது பதினைந்து. 1947இல் அந்த ஏடு நூலாக வந்தது. உருளைக்கிழங்கு உரித்ததும் தாயோடு மனத்தாங்கல் கொண்டதும் உலக வரலாற்றுச் சான்றாகும் என்று யார் நினைத்திருப்பார்?

நம் மண்ணில் ஒரு முன்னோடி

வெளிநாட்டுக் கதை போதும். நம் மலாக்காவுக்கு வருவோம். மலாய் இலக்கியத்தில் புதுநடைக்கு வழிவகுத்தவராகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூர்ப் பக்கம் வந்து குடியேறியவர். ஆக, அப்துல்லாவின் குருதியில் தமிழும் கலந்திருந்தது. தம் வாழ்க்கையை அவர் எழுதிய ‘ஹிக்காயாட் அப்துல்லா’ 1849இல் சிங்கப்பூரில் அச்சேறியது. இது நாட்குறிப்பன்று, தன்வரலாறு. ஆயினும் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்வதில் ஆனந்தரங்கரோடு ஒப்பிடத்தக்கது.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியொன்று அதில் உண்டு. சிறுவனாய் இருந்தபோது அவரைத் தந்தையார் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் படித்தார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்கெழுதவும் வணிகரோடு பேசவும் அது பயன்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மலாக்காவில் தமிழ் பயன்மொழியாய் இருந்தது என்பதற்குத் தமிழரல்லாதார் படிக்கும் ஒரு மலாய் நூல் சான்றளிக்கிறது! பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த தண்டனைகளைக்கூட அவர் ஒவ்வொன்றாக விவரிக்கிறார். 1807இல் மலாக்காக் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதையும், பின்னர் இராபிள்சு பூச்சி, பூ, சிப்பி என்று ஆள்வைத்துச் சேகரித்ததையும் நேரில் கண்டவராக எழுதியிருக்கிறார்.

எழுதப்படாத நாள்கள்

இனி வருவது மகிழ்ச்சியான பகுதியன்று.

நம் முன்னோர் பெரும்பாலோர் தோட்டப்புறத்திற்கு வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் நாள்களை எழுதி வைத்தவர் யார்? கிராணியின் செக்ரோல் புத்தகம் எழுதியது. பெரட்டுக்கு வந்தாரா, வரவில்லையா, எத்தனை நாள் கூலி என்பதோடு அதன் வேலை முடிந்தது. அன்று காலையில் அந்த அம்மாள் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனபோது என்ன நினைத்தார் என்பது செக்ரோலில் ஏறாது.

சயாம் மரண இரயிலை எண்ணிப் பாருங்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் 1942–43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில், நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சத்தை எட்டியிருப்பர் என்றும், மாண்டவர் ஏறத்தாழ 90,000 என்றும் மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர் மிகப் பலர்.

போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு. பெயர்ப் பட்டியல் உண்டு. நாட்குறிப்புகளும் உண்டு. ஆசுதிரேலிய மருத்துவர் எட்வர்டு டன்லப் முகாமில் மறைத்து மறைத்து எழுதிய நாட்குறிப்பு 1986இல் நூலாக வந்தது. எத்தனை நோயாளிகள், என்ன நோய், எவ்வளவு அரிசி என்று நாள்தோறும் எழுதியிருக்கிறார். நம்மவரில் எழுதத் தெரிந்தோர் சிலர். எழுதக் காகிதமும் ஓய்வும் பெற்றோர் அதனினும் சிலர். அதனால் நம்மவர் சாவு ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லுக்குள் அடங்கிப் போயிற்று. பின்னாளில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் புதினங்கள் படைத்து அக்கடனைத் தீர்க்க முயன்றனர். தப்பி வந்த முதியவர் பலர் வாய்மொழியாகச் சொன்னார்கள். கேட்டு எழுதியவர்கள் இருந்த வீடுகளில் அது நிலைத்தது. மற்ற வீடுகளில் தாத்தாவோடு போயிற்று.

அவர்களைக் குறைசொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. எழுத வாய்ப்பே அளிக்கப்படாதவர்கள் அவர்கள். நமக்கு வாய்ப்பு உண்டு. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஏடும் எழுதுகோலும் உடையவர்கள். இனியும் நம் வீட்டு நாள்கள் எழுதப்படாமல் போனால், அதற்கு யாரைக் குறைசொல்வது?

வகுப்பறையிலும் வீட்டிலும்

ஆனந்தரங்கரின் குறிப்புகளை ஊன்றிப் பார்த்தால் அவற்றில் மூன்று பொருள்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பெயர், எண், பேசிய சொல் ஆகியவையே அவை. யார் வந்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு விலை, என்ன சொன்னார். இந்த மூன்றையும் மாணவரிடம் கேட்டாலே போதும். “பல் துலக்கினேன்” தானாக விடைபெற்றுவிடும். இதோ ஒரு மாதிரி:

“இன்று சனிக்கிழமை. பாட்டி முறுக்கு சுட்டார். மொத்தம் 64 முறுக்கு. நான் எண்ணினேன். முதல் முறுக்கை எனக்குத் தராமல் சாமிக்கு வைத்தார். தாத்தா இருந்தபோது முதல் முறுக்கு அவருக்குத்தான், இப்போது படத்துக்கு என்றார். பிறகு பாட்டி பேசவில்லை.”

இதில் கடினமான சொல் ஒன்றுமில்லை. நான்காம் ஆண்டு மாணவர் எழுதக்கூடியதே. முப்பது ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்தில் இதைவிட விலைமதிப்புள்ள பொருள் வேறு இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்குச் சில பரிந்துரைகள். நாள்தோறும் ஒரு பக்கம் என்று கட்டாயப்படுத்த வேண்டா. ஐந்து வரி போதும். மாதம் ஒருமுறை, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு விடையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவரச் சொல்லலாம். முதல் சம்பளம் எவ்வளவு? லயத்து வீட்டில் எத்தனை பேர் படுத்தீர்கள்? பள்ளிக்கு எப்படிப் போனீர்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பெரியவர்கள் மகிழ்ந்து விடையளிப்பார்கள். மிக முக்கியமான ஒன்று: மாணவரின் சொந்தக் குறிப்பை அவர் ஒப்புதலின்றி வகுப்பில் உரக்கப் படிக்கக்கூடாது. ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மறுமுறை உண்மையை எழுதாது. பயிற்சிக்கு ஓர் ஏடு, தனக்கென ஓர் ஏடு என்று பிரித்துவிடுவது நலம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதுவதைக் கண்டால்தான் பிள்ளை எழுதும். நேரமில்லை என்பீர்கள், உண்மைதான். மளிகைக் கணக்கு எழுதும் ஏட்டின் ஓரத்தில் அன்றைக்கு நடந்ததை ஒரு வரி எழுதுங்கள். பிள்ளைக்கு முதல் பல் விழுந்த நாள், மல்லிகைச் செடி முதன்முதலாகப் பூத்த நாள், ஊரிலிருந்து அத்தை வந்த நாள். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். அவற்றில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன விசேடம் என்று எழுதிவைத்தோமா? பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறைக்குப் பின் அந்நியர் படம்தான். ஆனந்தரங்கர் ஏட்டைப் படியெடுத்தவர்கள் இல்லாவிட்டால் அதன் நிலை என்னவாகியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கணினியில் எழுதினாலும் கைப்பேசியில் எழுதினாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது தாளில் ஒரு படி எடுத்து வையுங்கள்.

பிள்ளையின் நாட்குறிப்பு ஏடு நிறைந்ததும் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிடாதீர்கள். மேலட்டையில் பெயரும் ஆண்டும் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். அதற்குரிய இடம் அதுவே.

இக்கட்டுரையைப் படித்து முடித்த கையோடு, இன்று என்ன கிழமை, வீட்டில் என்ன சமையல், யார் என்ன சொன்னார் என்று ஐந்து வரி எழுதிப் பாருங்களேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளிகள்!